சின்னத் தொகை போன தெருக்கள்: வடசென்னைக் குறிப்புகள்

திங்கள், ராயபுரம்

கடற்கரை நிலையத்தில் கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறினால் அடுத்த நிறுத்தம் ராயபுரம். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. அன்று கட்டிய நிலையம் இன்னும் நிற்கிறது. இந்தியாவில் மிச்சமிருக்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் இதைவிடப் பழையது கிடையாது. தூண்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கல்மண்டபம் பக்கம் நடந்தேன்.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். நண்பர்கள் சிலர் சேர்ந்து மாதாமாதம் சம்பளத்தில் கொஞ்சம் ஒதுக்கி ஒரு பொதுக் கணக்கில் போட்டு வருகிறோம். வருடத்துக்கு ஒருமுறை அதைச் சிறு உதவித்தொகைகளாகப் பிரித்துக் கொடுப்போம். ஒரு குழுவுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையாது, 50,000-ஐத் தாண்டாது. தங்கள் ஊரின் பண்பாட்டை ஆராய நினைப்பவர்களுக்கும், தங்கள் பகுதிப் பிள்ளைகளுக்காக ஏதாவது செய்கிற இளைஞர்களுக்கும்தான் அது. போன முறை முழுத் தொகையும் வடசென்னைக்கே போனது. அந்தப் பணம் தெருவில் என்ன செய்தது என்று பார்க்க மதுரையிலிருந்து வந்திருக்கிறேன். அன்றன்று பார்த்ததை அன்றன்று இரவே எழுதிப் போடுகிறேன்.

முதலில் துறைமுகக் குழு. சரக்கு இறக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நாலைந்து பேர், ஓய்வுபெற்ற தொழிலாளர்களைப் பேசவைத்துப் பதிவு செய்கிறார்கள். கன்டெய்னர் வருவதற்கு முன்னால் ஒரு கப்பலைக் காலி செய்ய எத்தனை பேர் முதுகு வளைய வேண்டியிருந்தது என்பது இன்று ராயபுரத்துப் பிள்ளைகளுக்கே தெரியாது. எண்பதை நெருங்கும் ஒரு பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன். அரிசி மூட்டை, உர மூட்டை, கந்தகம் என்று சரக்குக்குச் சரக்கு உடம்பு பட்ட பாட்டைத் தனித்தனியாகச் சொன்னார். "கந்தகம் எறக்குன அன்னிக்கு ராத்திரி கண்ண மூடவே முடியாதும்மா. அப்டி எரியும்."

நிலக்கரியைப் பற்றி அவரைவிட அவர் மனைவிதான் அதிகம் பேசினார். கொடியில் காயப்போட்ட துணி சாயங்காலத்துக்குள் கறுத்துவிடுமாம். சோற்றுப் பானையை மூடாமல் வைத்தால் மேலே கரிப்பொடி படியும். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு, 2011-ல்தான் அது நின்றது. நிலக்கரி எண்ணூருக்குப் போனது. வெள்ளிக்கிழமை எண்ணூர் போகும்போது இதை மனதில் வைத்திருக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

இந்தக் குழுவின் செலவுக் கணக்கைப் பார்த்தபோது எனக்கு மனசு நிறைந்துவிட்டது. ஒலிப்பதிவுக் கருவி எதுவும் வாங்கவில்லை. கைபேசியிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். தொகையில் பாதிக்கு மேல் 'பேசியவர்களுக்கு' என்ற தலைப்பில் போயிருக்கிறது. அந்தப் பெரியவர் இந்த வயதிலும் ஒரு குடோனில் இரவுக் காவல் பார்க்கிறார். பகலில் தூங்கியாக வேண்டும். நான்கு மணி நேரம் பேச உட்கார்ந்தால் அன்றிரவு வேலைக்குப் போக முடியாது. ஆகவே ஒரு நாள் சம்பளத்தைக் கணக்கிட்டுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

எங்களிடம் வருவதற்கு முன்னால் இதே குழு வேறோர் இடத்தில் உதவி கேட்டிருக்கிறது. பயணம், அச்சு, கருவி, இதற்கெல்லாம் தருவோம், பேசுகிறவருக்குப் பணம் தரக்கூடாது, தந்தால் இட்டுக்கட்டிச் சொல்வார்கள் என்று அங்கே பதில் வந்ததாம். எனக்கு இது ஒப்பவே இல்லை. கருத்தரங்கில் அரை மணி நேரம் பேசும் பேராசிரியருக்குக் கவரில் வைத்துக் கொடுக்கிறோம். அவர் பணத்துக்காக இட்டுக்கட்டுகிறார் என்று யாரும் சொல்வதில்லை. ஐம்பது வருடம் கப்பலில் சரக்கு இறக்கியவருக்கு மட்டும் ஏன் அந்தச் சந்தேகம்?

செவ்வாய், புது வண்ணாரப்பேட்டை

காலையில் காசிமேடு மீன் ஏலம் பார்த்தேன். விடியும் முன்னாலேயே சந்தை உச்சத்துக்குப் போய்விடுகிறது. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், நான் நேராக கேரம் கிளப்புக்குப் போய்விடுகிறேன்.

இந்தப் பகுதியில் கேரம் என்பது வீட்டுக்குள் பொழுதுபோக்க ஆடும் ஆட்டம் கிடையாது. தெருவோரம் தகரக் கூரை, நடுவில் ஒரு போர்டு, மேலே தாழ்வாகத் தொங்கும் ஒரு பல்பு. சுற்றிலும் மூச்சுவிடாமல் பார்க்கும் கூட்டம். 74 சென்டிமீட்டர் சதுரத்துக்குள் அவர்கள் காட்டும் கவனத்தை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. 2008-ல் பிரான்ஸில் உலக சாம்பியன் ஆன இளவழகி வியாசர்பாடிக்காரர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் தனிநபர், இரட்டையர், அணி என மூன்று தங்கம் வென்ற காசிமா இந்தப் பக்கத்துப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். அவருக்குத் தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் பரிசு கொடுத்தது. அந்தச் செய்தி வந்த பிறகு, மகளைக் கேரம் ஆட அனுப்பலாமா என்று கேட்டு வரும் அம்மாக்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று கிளப்பில் சொன்னார்கள்.

கோப்பை வென்ற பிறகு வரும் ஒரு கோடி பெரிய விஷயம், அதை மனதாரக் கொண்டாடுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் வருகிற பத்து வருடங்களுக்கு யார் பணம் தருவது? ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளை சாயங்காலம் ஆறரைக்குக் கிளப்புக்கு வந்து எட்டரைக்கு வீடு திரும்ப என்ன வேண்டும்? இந்தக் கிளப்பின் பையன்கள் விண்ணப்பத்தில் போர்டு கேட்பார்கள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். இரண்டு போர்டு கேட்டார்கள், உண்மைதான். ஆனால் பெரிய செலவாக அவர்கள் எழுதியிருந்தது ஓர் அக்காவின் சம்பளம்.

அந்த அக்காவை இன்று பார்த்தேன். பகலில் இரண்டு வீடுகளில் சமையல் வேலை. சாயங்காலம் கிளப்பில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். பெண்பிள்ளைகள் ஆடி முடித்ததும் ஒவ்வொருவராக வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விடுகிறார். அவருக்குக் கேரம் ஆடத் தெரியாது. "எனக்கு ஒண்ணும் தெரியாது அக்கா, நான் சும்மா குந்திகினு இருப்பேன்" என்றார். அந்தச் 'சும்மா குந்திகினு' இருப்பதால்தான் பதினோரு பெண்பிள்ளைகள் தொடர்ந்து வருகிறார்கள். அவருக்கு உடம்பு சரியில்லாமல் போன வாரத்தில் மூன்று பேர்தான் வந்தார்கள் என்று வருகைப் பதிவேட்டைக் காட்டினான் கிளப்பை நடத்தும் தம்பி.

எந்த விளையாட்டுத் திட்டத்தின் படிவத்திலும் இந்த அக்காவுக்கு ஒரு கட்டம் கிடையாது. பயிற்சியாளர் இருப்பார், உபகரணம் இருக்கும், சீருடை இருக்கும். வாசல்வரை கொண்டுவிடுகிறவர் இருக்க மாட்டார்.

ராத்திரி கடற்கரை நிலையத்துக்கு எதிரே அத்தோ சாப்பிட்டேன். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த சாப்பாடு. புளித்தண்ணீர், வறுத்த வெங்காயம், பூண்டு, கூடவே வாழைத்தண்டு சூப். நன்றாக இருந்தது.

புதன், பெரம்பூர் – வியாசர்பாடி

பின்னி மில்லைப் பற்றி ஆய்வு செய்யும் தங்கைக்கு வயது 23. எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். தபால் வழியில் வரலாறு எம்.ஏ. படிக்கிறாள். கொள்ளுத்தாத்தாவிலிருந்து அவள் குடும்பத்தில் மூன்று தலைமுறை மில்லில் வேலை பார்த்திருக்கிறது.

பக்கிங்ஹாம் மில், கர்நாடிக் மில் இரண்டும் சேர்ந்ததைத்தான் ஜனங்கள் பின்னி மில் என்கிறார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று இந்த மில் தொழிலாளர்களை வைத்துத் தொடங்கியதுதான் சென்னைத் தொழிலாளர் சங்கம். பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. கூட நின்றவர். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்கிறார்கள். 1921 வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. அப்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே பிளவு ஏற்பட்டுப் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. 1996-ல் மில் மூடப்பட்டது.

புத்தகங்களில் இவ்வளவும் கிடைக்கும். அவள் தேடுவது வேறு. 1921-ன் நினைவு இந்தத் தெருக்களில் எந்த வீட்டில் எப்படிச் சொல்லப்படுகிறது என்று கேட்டு எழுதுகிறாள். ஒரே நிகழ்ச்சியை இரண்டு தெருக்கள் இரண்டு மாதிரிச் சொல்கின்றன. ஒரு தெருவில் அது வேலைநிறுத்தத்தின் கதை, தலைவர்களின் கதை. அடுத்த தெருவில் அது கூரை எரிந்த கதை மட்டும்தான். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து எழுதும்போது அவள் எந்தப் பக்கமும் மழுப்பவில்லை. அவள் எழுதிய ஐம்பது பக்கத்தை ரயில்வே மைதானத்தின் ஓரத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து படித்தேன். பல்கலைக்கழகத்து ஆய்வேடுகள் பலவற்றில் நான் பார்க்காத நேர்மை அதில் இருக்கிறது.

மில் சங்கு ஊதும் நேரத்தை வைத்து வீட்டில் உலை வைத்தவர்கள், மில் மூடிய பிறகும் பல நாள் அந்த நேரத்துக்கே எழுந்து உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒரு பாட்டி சொன்னதை எழுதியிருக்கிறாள். அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன்.

இவளைப் போன்ற ஒருத்திக்கு வேறு எங்கே பணம் கிடைக்கும் என்று இருவரும் சேர்ந்து பார்த்தோம். மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் இளநிலை ஃபெலோஷிப் மாதம் 10,000 ரூபாய், இரண்டு வருடம். நல்ல திட்டம். ஆனால் 25 வயது ஆகியிருக்க வேண்டும். முதுநிலை மாதம் 20,000, அதற்கு 40 வயது. 18 முதல் 25 வயதுக்காரர்களுக்கு மாதம் 5,000 தரும் உதவித்தொகை உண்டு, அது இசை, நடனம், நாடகம் போன்ற கலைகளில் பயிற்சி எடுப்பவர்களுக்கு. தாகூர் பெயரில் இருக்கும் தேசிய ஃபெலோஷிப் மாதம் 80,000, அது பெரிய அறிஞர்களுக்கானது. தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு இசைக்கருவியும் ஆடை அணிகலனும் வாங்க 10,000 ரூபாய் தருகிறது. அவள் கலைஞர் இல்லை. பெங்களூரில் இருக்கும் இந்தியக் கலைகளுக்கான அறக்கட்டளை, அதாவது ஐ.எஃப்.ஏ., 1995 முதல் கலை ஆய்வுக்கு நிதி தருகிறது, தாய்மொழியிலேயே விண்ணப்பிக்கலாம். அதை அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். பகலில் பில் போட்டுவிட்டு இரவில் வரலாறு எழுதும் 23 வயதுப் பெண்ணுக்கு என்று தனியாக ஒரு கதவு எங்கும் கண்ணில் படவில்லை.

நாங்கள் கொடுத்த 40,000-ல் அவள் செய்தது எளிமையான காரியம். மாதத்தில் நான்கு நாள் கடைக்குச் சம்பளமில்லா விடுப்பு போட்டாள். அந்த நான்கு நாள் கூலியைத் தொகையிலிருந்து எடுத்துக்கொண்டு வீட்டில் கொடுத்தாள். வீட்டில் யாரும் முகம் சுளிக்கவில்லை. "பணம் வந்ததுனாலதான் அக்கா இத வேலைன்னு நம்புறாங்க" என்றாள்.

சாயங்காலம் வியாசர்பாடி மைதானம். கால்பந்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இங்கே ஆடத் தொடங்கிய நந்தகுமார் சேகர் இந்திய அணிவரை போனார் என்பதைச் சின்னப் பையன்கள்கூட மூச்சுக்கு ஒருதடவை சொல்கிறார்கள். எங்கள் உதவி பெற்ற குழு, ஆட்டம் முடிந்ததும் மைதானத்து ஓரத்திலேயே ஒரு மணி நேரம் பாடம் சொல்லிக் கொடுக்கிறது. கல்லூரி போகும் மூத்த ஆட்டக்காரர்கள்தான் ஆசிரியர்கள். ஒரு நாளைக்கு 100 ரூபாய் அவர்களுக்கு. இதற்கு முன்னால் பணமில்லாமல் செய்து பார்த்திருக்கிறார்கள். ஒருவன் பகுதி நேர டெலிவரி வேலைக்குப் போக, இன்னொருவன் கேட்டரிங் போக, இரண்டே மாதத்தில் நின்றிருக்கிறது. இப்போது பரீட்சை வரை ஒரு நாள் விடாமல் நடந்திருக்கிறது. சேவை என்ற பெயரில் ஏழை வீட்டுப் பையன்களின் சாயங்காலத்தை இலவசமாகக் கேட்கக் கூடாது. வசதியான வீட்டுப் பிள்ளைக்குத்தான் அது கட்டுப்படியாகும்.

வியாழன், தண்டையார்பேட்டை

மழை. ஒரு கணக்காளர் அலுவலகத்தில் பாதி நாள் போனது. சிறு குழுக்களுக்குப் பணம் ஏன் போய்ச் சேர்வதில்லை என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன், சுருக்கமாக எழுதுகிறேன்.

தெருவில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு வேலையைத் தொடங்கினால் அது சட்டத்தின் கண்ணில் ஒரு அமைப்பு ஆகாது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். பதிவு, பான் எண், வங்கிக் கணக்கு, ஆண்டுதோறும் தணிக்கை, இத்தனைக்கும் ஆகும் செலவே எங்கள் உதவித்தொகையில் பாதியைத் தின்றுவிடும். 2013-ன் கம்பெனிச் சட்டம் பெரிய நிறுவனங்கள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. தொழிற்சாலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. கலை, பண்பாடு, பாரம்பரியம் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. மணலியிலும் எண்ணூரிலும் அப்படிப்பட்ட நிறுவனங்கள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் வாங்குகிற அமைப்புக்கு மூன்று வருட அனுபவமும், வரி விலக்குப் பதிவும், 2021 முதல் தனிப் பதிவு எண்ணும் வேண்டும். கேரம் கிளப் எங்கே போகும்?

வெளிநாட்டுப் பணம் இன்னும் தூரம். அதற்கான பதிவு கேட்கவே மூன்று வருடத்தில் 15 லட்சம் ரூபாய் செலவு செய்து காட்டியிருக்க வேண்டும். முன்பெல்லாம் பெரிய தொண்டு நிறுவனம் ஒன்று வாங்கிச் சின்னக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். 2020-ல் வந்த சட்டத்திருத்தம் அந்த வழியையும் அடைத்துவிட்டது. ஆகவே உள்ளூரில் உள்ளவர்கள் உள்ளூர்ப் பணத்தைத் தனிநபர்கள் பெயரில் நேராகக் கொடுப்பது ஒன்றுதான் இந்தக் குழுக்களுக்கு இப்போது எட்டும் வழி. மதுரையில் இருந்துகொண்டு நாங்கள் அதைச் செய்கிறோம். சென்னையில் செய்ய ஆட்கள் நிறையப் பேர் வர வேண்டும்.

வெள்ளி, எண்ணூர்

மெட்ரோ விம்கோ நகர் வரை போகிறது. 2021-ல் இந்தத் தடம் திறந்த பிறகு எண்ணூர் நகரத்துக்குக் கொஞ்சம் கிட்டே வந்துவிட்டது. அங்கிருந்து பேருந்து. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் இறங்கினால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பங்கழி, நிமிர்ந்தால் புகைபோக்கிகள்.

ராயபுரத்துத் துணியில் படிந்த கரி இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. அதோடு அனல்மின் நிலையச் சாம்பல், அதோடு எண்ணெய். 2017 ஜனவரியில் எண்ணூரின் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிக்குள்ளேயே எண்ணெய் வந்தது. அலையாத்தி மரங்களின் அடியில் கறுப்புக் கோடு எவ்வளவு உயரம் ஏறியது என்று படகில் வந்த தம்பி கையை வைத்துக் காட்டினான்.

இங்கே குழு செய்வது இடப்பெயர் ஆய்வு. வெளியாள் கண்ணுக்குக் கழி முழுவதும் ஒரே தண்ணீர். மீனவருக்கு அதில் மூலைக்கு மூலை பெயர் உண்டு. இந்தத் திட்டில் இறால் தங்கும், இந்த மடுவில் மடவை மீன் திரும்பும், இந்த ஓடையில் பெண்கள் கையால் தடவி இறால் பிடிப்பார்கள், இந்தப் பக்கம் இந்தக் குப்பத்தின் முறை, நாளைக்கு அந்தக் குப்பத்தின் முறை. எல்லாமே பெரியவர்களின் மனசில்தான் இருக்கிறது. திட்டுகள் சாம்பலில் மூடிப்போகப் போக, பெயரைச் சொல்லிக் காட்ட இடமே இல்லாமல் போகிறது. அதனால் பத்துப் பதினைந்து இளைஞர்கள் படகில் போய், பெரியவர் கை காட்டும் இடத்தில் கைபேசியில் இருப்பிடத்தைக் குறித்துக்கொண்டு, பெயரையும் அதன் கதையையும் பதிவு செய்கிறார்கள்.

படகில் என்னோடு வந்தவர் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அக்கா. பிடித்த இறாலைப் போடும் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் தவழ்ந்து இறால் பிடித்தே மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவர். ஒரு திட்டருகே படகை நிறுத்தச் சொன்னார். கையை உள்ளே விட்டு ஒரு கொத்து சிப்பியை அள்ளிக் காட்டினார். "இதான் காக்கா ஆழி. இது வந்ததுல இருந்து எறாலு உக்கார எடமில்ல." தென் அமெரிக்காவிலிருந்து வந்த சிப்பி அது. மண்ணைப் போர்வைபோல மூடிவிடுகிறது. கையால் தடவிப் பிடிக்கிறவர்களுக்கு இனி தடவ மண்ணே கிடையாது, விரல்தான் கிழியும். இந்தச் சிப்பி கழிக்குள் வந்துவிட்டது என்று முதலில் கண்டு, அதற்குப் பெயரும் வைத்தவர்கள் மீனவர்கள்தான். இவர்களை ஆய்வாளர்கள் என்று சொல்லாமல் வேறு யாரைச் சொல்வது?

கணக்கைக் கேட்டேன். படகுக்கு டீசல், படகோட்டிக்கு ஒரு நாள் வருமானம், கூட வரும் பெரியவருக்கு ஒரு நாள் வருமானம், எல்லோருக்கும் சாப்பாடு. அவ்வளவுதான் மொத்தச் செலவும். "ஒரு நாள் தொழிலுக்குப் போவலன்னா வூட்ல அடுப்பு எரியாது அக்கா. அதனால மொதல்ல அதக் குடுத்துட்டுதான் படகுல ஏறச் சொல்வோம்" என்றான் குழுவை நடத்தும் தம்பி. வேலை முடிந்த பிறகு கொடுப்பதில்லை, ஏறும் முன்னாலேயே கொடுக்கிறார்கள். பணம் கையில் இருக்கும்போது பெரியவர்கள் நேரம் பார்ப்பதில்லை, ஓடைக்கு ஓடை நிறுத்தி நிதானமாகப் பேசுகிறார்கள் என்றான். இன்று நானே அதைப் பார்த்தேன். மதியம் திரும்ப வேண்டிய படகு நாலரைக்குத்தான் கரைக்கு வந்தது.

வரைபடத்தை இணையத்தில் எல்லோருக்கும் போடலாமா என்று குழுவுக்குள் விவாதம் நடக்கிறது. எங்கே எது கிடைக்கும் என்பதை வெளியாட்களுக்குக் காட்டிக் கொடுத்ததாகிவிடும் என்று பெரியவர்கள் தயங்குகிறார்கள். அவர்கள் தயக்கம் சரி என்றுதான் எனக்குப் படுகிறது. பெரிய அளவில் அச்சடித்து ஒவ்வொரு குப்பத்துப் பள்ளியிலும் ஒரு பிரதி மாட்டலாம், மீன்படும் இடங்களின் குறிப்பு ஊர்ப் பஞ்சாயத்திடம் மட்டும் இருக்கட்டும் என்று இப்போதைக்கு முடிவு செய்திருக்கிறார்கள். பணம் கொடுத்தவர்களுக்கு முழுப் பிரதி வேண்டும் என்று நாங்கள் கேட்கப் போவதில்லை.

சனி, புளியந்தோப்பு

கானா பாடும் ஒரு பெரியவர் வீட்டில் சாயங்காலம் முழுக்க இருந்தேன். துக்க வீட்டில் விடிய விடியப் பாடியவர். 2018-ல் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு மேடையேறிய பிறகு, கானாவைப் பார்த்து முகம் திருப்பியவர்கள்கூடக் காது கொடுக்க ஆரம்பித்தார்கள். ஆனால் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய்ச் செத்தவரின் வாழ்க்கையை அங்கேயே பாட்டாகக் கட்டும் பழைய பாட்டுக்காரர்களை யாரும் தேடி வரவில்லை என்றார் அவர் மகன்.

இந்தக் குழுவில் மூன்று பையன்கள், ஒரு பெண். பெரியவர் பாடுவதைப் பதிவு செய்து, யாருக்காகக் கட்டிய பாட்டு, எந்த வருடம், எந்தத் தெரு என்று எழுதிவைக்கிறார்கள். செத்தவர்கள் எல்லோரும் மீன் விற்றவர், ரிக்ஷா இழுத்தவர், மில்லில் வேலை பார்த்தவர். அவர்களைப் பற்றி எழுத்தில் வேறெதுவும் கிடையாது, இந்தப் பாட்டுகள்தான் இருக்கின்றன.

ஒரு இரவுக்குத் துக்க வீட்டில் என்ன கொடுப்பார்களோ அதே தொகையை ஒவ்வொரு பதிவுக்கும் அவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். டோலக்கு அடிப்பவருக்குத் தனியாக. பதிவுகள் அவர் பேரில், அவர் மகனிடம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. யாராவது சினிமாவுக்கோ யூடியூபுக்கோ கேட்டால் அவரைத்தான் கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இதுவரை தன் பாட்டை யார் யாரோ எடுத்துக்கொண்டு போனதை அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார், பெயர்களை எழுதவில்லை. அந்தத் தாளை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்.

இரவு ஒன்பதுக்கு மேல் எங்கள் ஆட்கள் எல்லோரும் போனில் கூடினோம். வாரம் முழுக்கப் பார்த்ததைச் சொன்னேன். அடுத்த சுற்றுக்கு விண்ணப்பப் படிவம் ஒரே பக்கம், தமிழில். எழுத வராதவர்கள் வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம். செலவுப் பட்டியலின் முதல் வரி 'நேரம் கொடுப்பவர்களுக்கு' என்று இருக்கும். அந்த வரியில் பூஜ்யம் போட்டு வருகிறவர்களிடம் ஏன் என்று கேட்போம். தொகை இரண்டு தவணை இல்லை, முழுவதும் தொடக்கத்திலேயே. பேனர், சான்றிதழ், நிறைவு விழாவுக்கு எங்கள் பணத்தில் செலவு செய்யக் கூடாது.

ஒரே குழுவுக்கு மறுபடியும் கொடுக்கலாமா என்பதில் நீண்ட நேரம் வாக்குவாதம் நடந்தது. புதியவர்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்றார்கள் சிலர், நியாயம்தான். கேரம் கிளப் அக்காவை நினைத்துக்கொண்டு நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் சம்பளம் மார்ச்சோடு முடிகிறது. ஏப்ரலில் அந்தப் பதினோரு பெண்பிள்ளைகள் என்ன செய்வார்கள்? கடைசியில் தொகையில் பாதியைப் பழைய குழுக்களைத் தொடரவும், பாதியைப் புதியவர்களுக்கும் வைப்பதென்று ஒத்துக்கொண்டோம். கேரம் கிளப்புக்கும் எண்ணூருக்கும் இன்னொரு வருடம் உறுதியாகிவிட்டது. பின்னி மில் தங்கைக்கு 25 வயதாக இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, அதுவரை அவளையும் விடப்போவதில்லை. புது விண்ணப்பங்களைத் தை பிறந்ததும் வாங்கத் தொடங்குகிறோம்.